சத்தம் போடாத பிஸ்கட்

மாலை ஐந்து மணிக்கு டீ வரும். டீக்குப் பின்னாலேயே பிஸ்கட் தட்டு வரும். தட்டு மேசையைத் தொட்டதும் மாமனாரின் இரண்டு கைகளும் இரண்டு காதுகளுக்குப் போகும். இடப்பக்க மெஷின், வலப்பக்க மெஷின், இரண்டையும் பிடுங்கி ஒரு சின்ன நீல டப்பாவில் போட்டு 'டக்' என்று மூடுவார். அதற்கு அப்புறம்தான் முதல் பிஸ்கட்டை எடுப்பார்.

அந்த 'டக்' கேட்கும்போதெல்லாம் மருமகளுக்கு யாரோ தன் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல இருக்கும். அவளுக்குப் பிழைப்பே காதுதான். காது மருத்துவமனையில் பதினோரு வருடமாகச் செவித்திறன் சோதிக்கிறாள். யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற மெஷினைத் தேர்ந்து, மாட்டிவிட்டு, "ரெண்டே வாரம், பழகிடும்" என்று சொல்லி அனுப்புவாள். அடம் பிடிக்கும் முரட்டு ஆசாமிகள்கூட அவள் பேச்சுக்கு மசிந்துவிடுவார்கள். சொந்த மாமனாரிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லை.

மாமனார் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் இயந்திரம் ஓட்டியவர். வீடு அளவுக்கு உயரமான அந்த இயந்திரத்தின் காலடியில் நின்று நின்று காது அங்கேயே தங்கிவிட்டது. ஆள் மட்டும் ஓய்வு பெற்று வீடு வந்து சேர்ந்தார். பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பதில் சொன்னால் அவருக்குக் கேட்காது.

காலையில் மெஷினை ஒழுங்காக மாட்டிக்கொள்வார். ஆனால் காலையில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? மகன் நீச்சல் பயிற்சியாளர். விடியும்போதே குளத்துக்குப் போய்விடுவான். மகள் கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கான்கிரீட்டைக் கனசதுரமாக வார்த்து, காயவைத்து, பிறகு அதை அழுத்தி நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதுவதுதான் அவள் உத்தியோகம். அவளும் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். நாலு பேரும் ஒன்றாக உட்காருவது அந்த ஐந்து மணி டீக்கு மட்டும்தான். வீட்டுச் செய்தி, ஊர் வம்பு, கேலி, சண்டை, சமாதானம் எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கும். மாமனார் அப்போது பார்த்துத்தான் செவிட்டுச் சுவராகி, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, எல்லார் வாயும் அசைவதைப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏன் மாமா கழட்டுறீங்க?" என்று ஒருநாள் அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.

"இதை மாட்டிக்கிட்டு பிஸ்கட்டைக் கடிச்சா, மண்டைக்குள்ள ஜல்லி லாரியைக் கவுத்த மாதிரி இருக்கும்மா!" என்று அவர் முழங்கினார். மாடி வீட்டு ஜன்னல் ஒன்று மூடிக்கொண்டது.

அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும். வாய்க்குள் உடைகிற சத்தம் எலும்பு வழியாகக் காதுக்கு ஏறும். காதில் மெஷின் அடைத்துக்கொண்டிருந்தால் அது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். மூன்று முறை மெஷினைத் திருத்திப் பார்த்தாள். ஜல்லி லாரி மணல் லாரி ஆனது, அவ்வளவுதான்.

"பேசாம பிஸ்கட்டை விட்டுடச் சொல்லு" என்றான் கணவன். அதையும் எழுதிக் காட்டினார்கள். மாமனார் காகிதத்தைப் படித்துவிட்டு மகனைப் பார்த்த பார்வையில், இந்த வீட்டை விட்டு யார் போவது என்ற கேள்வி இருந்தது.

அன்று பாத்திரம் கழுவும்போது மருமகள் நாத்தனாரிடம் சொன்னாள்: "மெஷினை மாத்திப் பாத்தாச்சு. உங்கப்பாவை மாத்த முடியாது. மிச்சம் இருக்கிறது பிஸ்கட்டுதான்."

"பிஸ்கட்டை என்ன பண்றது அண்ணி?"

"சத்தம் போடாத பிஸ்கட் ஒண்ணு செய்யணும்."

நாத்தனார் கையில் இருந்த டம்ளரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். "அண்ணி, உடையாம இருக்கிறது எப்படின்னுதான் எனக்குத் தெரியும். எப்படி உடையணும்னு இதுவரைக்கும் யாருமே என்னைக் கேட்டதில்ல." அவள் முகத்தில் அப்படி ஒரு பரவசம். "கேளுங்க அண்ணி, இன்னொரு தடவை கேளுங்க!"

இரண்டு பேருக்கும் பிஸ்கட் செய்யத் தெரியாது. வீட்டில் ஓவன் ஒன்று இருந்தது. அதற்குள் மூடிகளும், பிடி உடைந்த வாணலியும், எதற்கோ எடுத்து வைத்த அட்டைப் பெட்டிகளும் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்யவே அரைநாள் ஆனது. அதற்குள் மருமகள் போய் மாமனாரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தாள், நல்ல பிஸ்கட் என்றால் என்ன என்று. மெஷின் காதில் இருந்த நேரம் என்பதால் பதில் சட்டென்று வந்தது.

"கையில எடுத்தா வளையக் கூடாது. கடிச்சா உடையணும். டீயில நனைச்சா உள்ள விழக் கூடாது. இந்த மூணும் இல்லன்னா அது பிஸ்கட் இல்ல, பட்சணம் கிட்சணம்னு வேற ஏதாவது பேர் வெச்சுக்க."

வளையக் கூடாது, உடைய வேண்டும், விழக் கூடாது, ஆனால் சத்தமும் வரக் கூடாது. நாத்தனார் இதைத் தன் சோதனைக்கூடத்துப் படிவம் ஒன்றில் எழுதிக்கொண்டாள். மேலே 'கலவை விகிதம்' என்றும், பக்கத்தில் 'மாதிரி எண்' என்றும் அச்சடித்திருந்தது. சிமெண்ட் என்ற இடத்தை அடித்துவிட்டு மைதா என்று எழுதினாள். மணல், சர்க்கரை ஆனது. தண்ணீர், வெண்ணெய் ஆனது. 'வார்த்த தேதி' மட்டும் அப்படியே இருந்தது.

முதல் மாதிரி ஓவனிலிருந்து வந்தபோது கணவனையும் சேர்த்து மூன்று பேரும் அதைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். பார்க்க அழகாக, பொன்னிறமாக இருந்தது. மாமனார் அதை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். அது நிதானமாகத் தலை குனிந்தது.

"வணக்கம் சொல்லுது பாரு" என்றார். "நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கலாம்."

இரண்டாவது மாதிரிக்கு அடுப்பில் அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அது ஓடு போல ஆனது. இரண்டு பென்சில்கள்மீது பாலம் மாதிரி அதை வைத்து, நடுவில் ஒரு பையைத் தொங்கவிட்டு, பைக்குள் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, எப்போது உடைகிறது என்று பார்ப்பது நாத்தனாரின் முறை. ஏழாவது டம்ளரில் பென்சில் உடைந்தது. பிஸ்கட் கீழே விழுந்து, தரையில் இரண்டு சுற்றுச் சுற்றி, முழுசாகப் படுத்துக்கொண்டது.

சத்தத்தை அளக்கிற பொறுப்பு மருமகளுடையது. சனிக்கிழமை மதியம் நோயாளிகள் எல்லாம் போன பிறகு, மருத்துவமனையில் சத்தம் புகாத சோதனை அறையில் கணவனை உட்காரவைத்தாள். காதுக்குள் நூல் போன்ற மெல்லிய குழாய் ஒன்றைச் செருகினாள். அதன் மறுமுனையில் மைக் இருந்தது. மெஷின் போட்டவர்களின் காதுக்குள் உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று பார்க்கும் கருவி அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணினித் திரை, அதன் முன் அவள், பக்கத்தில் படிவத்தோடு நாத்தனார்.

"ஒரே வேகத்துல மெல்லணும். பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது" என்று ஒலிவாங்கியில் சொன்னாள்.

"மெல்லலாமா, விழுங்கக் கூடாதா?"

"பேசக் கூடாதுன்னேன்."

கடைப் பிஸ்கட் எண்பத்தொன்பது டெசிபல் காட்டியது. வெறும் ரொட்டி ஐம்பத்தைந்து. அறுபதுக்குக் கீழே வந்தால் மாமனார் மெஷினோடு தாங்குவார் என்று கணக்குப் போட்டாள். பிறகு தங்கள் இரண்டாவது மாதிரியைக் கொடுத்தாள். கணவன் கடித்தான். திரையில் கோடு எகிறியது. தொண்ணூற்றாறு.

"கடைக்காரனைத் தோக்கடிச்சுட்டோம் அண்ணி!" என்று நாத்தனார் துள்ளினாள். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டிருந்தாள். கண்ணாடிக்குள் கணவன் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நல்லவேளை, அறை சத்தம் புகாதது மட்டுமல்ல, சத்தம் வெளியேறாததும்கூட.

அந்த நேரம் பார்த்துக் காது டாக்டர் உள்ளே வந்தார். சிரித்து யாரும் பார்க்காத மனிதர். சோதனை அறைக்குள் ஓர் ஆள் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார்.

மருமகள் சட்டென்று எழுந்து நின்றாள். "சார், இது வந்து, எங்க மாமனாருக்காக…" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டர் படிவத்தை வாங்கிப் புரட்டினார். "ஒரே ஆளை வெச்சு அளந்தா எப்படி? பல்லு, தாடை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுமே" என்றார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். "அவரை எழுந்திருக்கச் சொல்லுங்க. அடுத்து நான் உக்காருறேன்."

மூன்றாவது மாதிரியில் மைதாவைப் பாதியாக்கிச் சோள மாவைச் சேர்த்தார்கள். ஐம்பத்திரண்டு டெசிபல்! கொண்டாடிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாமனார் எடுத்தார், விரல் பட்டதுமே அது தூளாகி அவர் மீசையெல்லாம் வெள்ளையானது. மிச்சத்தை டீயில் நனைத்தார். நனைத்த கை வெறுங்கையாக வெளியே வந்தது. "மாவு நக்கறதுக்கா இத்தனை வருஷம் பல்லைக் காப்பாத்தினேன்?" என்று கேட்டார்.

நாலு, ஐந்து, ஆறு என்று ஓடியது. ஆறாவதில் நாத்தனார் கான்கிரீட் பாணியில் ஓட்ஸை 'ஜல்லி'யாகப் போட்டாள், எண்பத்தாறு. ஏழாவதை அளக்கும்போது டாக்டருக்குப் பிஸ்கட் புரையேற, கணவன் அவர் முதுகில் தட்ட, அவன் காதில் இருந்த குழாய் அவர் காதில் இருந்த குழாயோடு பின்னிக்கொள்ள, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தோற்றுப்போன பிஸ்கட்டுகள் தெருவெங்கும் போயின. தபால்காரர், மாடி வீட்டுக்காரர்கள், நீச்சல் குளத்தில் காலை வகுப்பு, மாலை வகுப்பு எல்லாரும் தின்றார்கள். காலை வகுப்பில் இரண்டு பேர் மிதப்பதற்குப் பதிலாக முங்குகிறார்கள் என்று கணவன் புகார் சொன்னான்.

ஒன்பதாவது மாதிரி வளையவில்லை, கொட்டவில்லை, அறுபத்தெட்டுக்கு இறங்கியும் இருந்தது. ஆனால் மாமனார் ஒரு கடியோடு தட்டை நகர்த்தினார். "அச்சடிக்காத பேப்பர் மாதிரி இருக்கு" என்றார். "நான் தின்னு பாத்திருக்கேன், அதனாலதான் சொல்றேன்."

ருசி என்று ஒன்று இருப்பதையே இரண்டு பேரும் மறந்துபோயிருந்தார்கள். மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்தாள். பால் பவுடரை வெறும் வாணலியில் போட்டு, சின்னத் தீயில், கை எடுக்காமல் கிண்டினாள். வெள்ளை மெல்ல மஞ்சளாகி, மஞ்சள் செங்கல் நிறத்துக்குப் போனபோது வீடு முழுக்க ஒரு வாசனை எழுந்தது. குளிக்கப் போன மாமனார் தோளில் துண்டோடு திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார். மூக்கு மட்டும் இரண்டு தடவை விரிந்து சுருங்கியது. அது போதும் என்று அவள் அடுப்பை அணைத்தாள். உப்பு இரண்டு சிட்டிகை, காப்பித் தூள் அரைக் கரண்டி சேர்த்தால் இந்த வாசனை தூக்கிக்கொடுக்கும் என்று தோன்றியது. படிவத்தில் 'இதர பொருள்கள்' என்ற இடத்தில் எழுதிவைத்தாள்.

ஆனால் அறுபத்தெட்டு அறுபத்தெட்டாகவே நின்றது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்றும் அதைத் தாண்டி இறங்க மறுத்தன.

வழி பிறந்தது சோதனைக்கூடத்தில். யாரும் இல்லாத மதிய இடைவேளையில் நாத்தனார் பன்னிரண்டாவது மாதிரியைக் கொண்டுபோய்க் கான்கிரீட் நொறுக்கும் இயந்திரத்தில் வைத்துவிட்டாள். நூறு டன் பாரத்துக்குச் செய்த இயந்திரம் அது. முள் அசையக்கூட இல்லை. பிஸ்கட் இருந்த இடத்தில் வெண்ணெய்க் கறைதான் மிச்சம். அவள் அதைக் கைக்குட்டையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இது எந்தக் கட்டடத்துச் சாம்பிள்?"

மணல் சலிக்கிறவர். அந்தக் கூடத்துக்கு வரும் மணலையெல்லாம் அடுக்கடுக்கான சல்லடைகளில் போட்டு, எவ்வளவு பொடி, எவ்வளவு பரல் என்று பிரித்துப் பார்ப்பவர். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து அவள் உண்மையைச் சொன்னாள். பையில் இருந்த இன்னொரு பிஸ்கட்டையும் லஞ்சமாகக் கொடுத்தாள். அவர் அதை உடைத்து, உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பசை ஜாஸ்தி" என்றார். "இறுக்கிப் புடிச்சிருக்கு. இறுக்கிப் புடிச்சது எதுவும் உடையும்போது கத்தும். எதைப் போட்டு ஒட்ட வெக்கிறீங்க?"

"முட்டை."

"அப்ப முட்டைதான் கத்துது."

அன்று நாத்தனார் வீட்டுக்குள் வந்த வேகத்தில் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள். "அண்ணி! பச்சை முட்டை பசை. ஆனா வெந்த முட்டை? வெந்த மஞ்சக் கரு மணல் மாதிரி உதிருமே! பசைக்குப் பதிலா மணலைப் போடுவோம்! அவர் சொன்னார் அண்ணி, இறுக்கிப் புடிச்சதுதான் கத்தும்னு."

"யாரு சொன்னாரு?"

"எங்க லேப்ல ஒருத்தர். மணல் சலிக்கிறவர்."

மருமகள் அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். ஆனால் கேட்க நேரமில்லை. முட்டை ஏற்கெனவே அடுப்பில் ஏறியிருந்தது.

ஆறு முட்டைகளைக் கல்லாக வேகவைத்து, வெள்ளையைக் கணவனிடம் தள்ளிவிட்டு, மஞ்சள் கருவை டீ வடிகட்டியில் தேய்த்து இறக்கினார்கள். பூப்போலப் பொலபொலவென்று விழுந்தது. மைதா, சோள மாவு, பொடித்த சர்க்கரை, வெண்ணெய், வறுத்த பால் பவுடர், உப்பு, காப்பித் தூள். பிசையாமல் சேர்த்துப் பிடித்து, அரை விரல் கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் குத்தி அடுப்பில் வைத்தார்கள். பதின்மூன்றாவது மாதிரி அடியில் கருகியது. அதைப் பற்றிப் பேச வேண்டாம். அதை மட்டும் கணவன் மூன்று முட்டை வெள்ளையோடு நின்றுகொண்டே தின்று தீர்த்தான். சூட்டைக் குறைத்துப் பதினான்காவதை வைத்தார்கள்.

அது வளையவில்லை. பென்சில் பாலத்தில் மூன்று டம்ளர் தண்ணீர் தாங்கி, நடுவில் நேராக இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தபோது ஒரு சத்தமும் இல்லை, பெருமூச்சு மாதிரி ஒன்றைத் தவிர. சூடான டீயில் நனைத்து நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு… ஐந்தாவது நொடியில்தான் விழுந்தது. மாமனாரின் நனைப்பு இரண்டு நொடிதான் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை. சோதனை அறையில் கணவன் கடித்தான்: ஐம்பத்தேழு. டாக்டர் கடித்தார்: ஐம்பத்தெட்டு. டாக்டர் இன்னொன்றை எடுத்தார். அதை அளக்கச் சொல்லாமலேயே தின்றார். பிறகு யாரும் இதுவரை பார்த்திராத ஒரு காரியம் செய்தார். சிரித்தார்.

அன்று மாலை ஐந்து மணி. டீ வந்தது, தட்டு வந்தது. மாமனாரின் கைகள் காதுகளுக்குப் புறப்பட்டன. மருமகள் பாய்ந்து அவர் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரே ஒரு கடி. கழட்டாம கடிங்க. ஜல்லி லாரி வந்துச்சுன்னா இனிமே உங்க காதைப் பத்தி நான் பேசவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவ்வளவு பெரிய பரிசுக்காக ஒரு கடி கடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். கடித்தார்.

ஒரு கண் திறந்தது. தாடை மெல்ல அசைந்தது. மறு கண்ணும் திறந்தது. கையில் மிச்சமிருந்த பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தம் எங்கம்மா?" என்றார்.

கணவன் உணர்ச்சிவசப்பட்டு, கழுத்தில் தொங்கிய நீச்சல் குள விசிலை எடுத்து ஒரு ஊது ஊதிவிட்டான். மாமனார் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பி உட்கார்ந்தார். "டேய்! காது கேக்குதுடா எனக்கு!" நாத்தனார் அண்ணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுற்றினாள். மாமனார் இரண்டாவதை எடுத்தார். டீயில் நனைத்தார், ஒன்று, இரண்டு, எடுத்தார். முழுசாக வந்தது. மூன்றாவதை எடுத்தார். நாலாவதை எடுக்கும்போது, "இது பிஸ்கட்டுதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஆரவாரம் அடங்கி, டீ வழக்கமான டீ ஆனது. அங்கேதான் வினை. மெஷின் வந்ததிலிருந்து இரண்டு வருடமாக ஏறிய பழக்கம் லேசில் விடுமா? பிஸ்கட் தின்கிற மாமனாருக்குக் காது கேட்காது என்பது எல்லார் ரத்தத்திலும் ஊறியிருந்தது.

"அப்பாவோட அந்தக் கட்டம்போட்ட மஞ்ச சட்டையை எப்படியாவது தூக்கிப் போட்டுடணும்" என்றான் கணவன், ஆறு அங்குலம் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

"போடேன் பாக்கலாம்" என்றார் மாமனார்.

கணவன் கையில் டீ தளும்பியது. அவர் அமைதியாக மென்றார். "அதோட, போன மாசம் என் மீசையைப் பத்தி ஏதோ பேசிச் சிரிச்சீங்களே, வாயசைவுலயே தெரிஞ்சுது. அதையும் இப்ப ஒருதரம் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் டீயைக் குடித்தார்கள்.

ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நாத்தனார் அண்ணி பக்கம் சாய்ந்து, மெதுவாக, ஆனால் மெஷினுக்குத் தாராளமாக எட்டும் குரலில், "எங்க லேப்ல இருக்காரே, அவர்கிட்ட மத்தியானமே போன்ல பதினாலாவது ஜெயிச்சுதுன்னு சொன்னேன் அண்ணி. ரொம்ப சந்தோஷப்பட்டார். அப்புறம், நேரா கேட்டுட்டார்" என்றாள்.

"என்ன கேட்டார்?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. நானும் சரின்னுட்டேன். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

நாத்தனார் மெதுவாக, மிக மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

மாமனார் பாதிப் பிஸ்கட்டோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எத்தனையோ வரன்களை வேண்டாம் என்று சொன்னவள். கடைசியில் இந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று தடை போட்டவளும் அவள்தான். இந்தச் செய்தி இப்போது அவர் காதிலேயே நேராக வந்து விழுந்திருக்கிறது. அவர் கண்கள் பளபளத்தன. ஆனால் குரல் வெகு சாதாரணமாக வந்தது.

"அவன் டீ குடிப்பானா?"

"குடிப்பார்ப்பா" என்றாள் நாத்தனார்.

"அப்ப நாளைக்கு அஞ்சு மணிக்கு வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மணல் சலிக்கிறவர் வந்தார். ஒல்லியாக, உயரமாக, கைக்குக் கை மாற்றிப் பிடிக்கும் ஒரு பையோடு. பைக்குள் ஒரு சல்லடை இருந்தது. டீ வடிகட்டியில் மஞ்சள் கரு தேய்த்தால் கை வலிக்கும் என்று மிக நுண்ணிய கண்ணுள்ள புதிய பித்தளைச் சல்லடை ஒன்றைத் தேடி வாங்கி வந்திருந்தார். பூங்கொத்து கொண்டுவருகிறவரைப் பார்த்திருக்கிறார்கள், சல்லடை கொண்டுவருகிறவரை அந்த வீடு பார்த்ததில்லை. மருமகள் அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு வந்தாள்.

மாமனார் அவரை எதிரில் உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எந்த மணல் நல்ல மணல், எப்படித் தெரியும், வீட்டில் யார் யார், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், கோபம் வருமா. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பதில் சொல்லச் சொல்ல, மாமனார் மென்றுகொண்டே தலையாட்டினார். ஒரு பதிலைக்கூட இரண்டாவது தடவை கேட்கவில்லை. பிறகு மாமனாரின் முறை வந்தது. அச்சு இயந்திரத்தைப் பற்றி ஆரம்பித்தார். காகிதச் சுருள் அறுந்துபோன ஒரு நாளைப் பற்றி அவர் சொல்ல, வந்தவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். தட்டு இரண்டு தடவை காலியாகி இரண்டு தடவை நிரம்பியது.

மருமகள்தான் அதை முதலில் கவனித்தாள். மாமனாரின் முழக்கம் குறைந்துகொண்டே வந்தது. வாரக்கணக்கில் மெஷின் போட்டவர்கள் செய்கிற காரியத்தை அவர் ஒரே நாளில் செய்துகொண்டிருந்தார்: தன் குரல் தனக்கே கேட்டதும், அதைத் தணித்துக்கொண்டே போனார். தணிந்து தணிந்து, கடைசியில் எதையோ சொன்னபோது அது மேசையைத் தாண்டி யாருக்கும் எட்டவில்லை.

"என்னப்பா?" என்றான் மகன்.

மாமனார் மறுபடி சொன்னார். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல மாமா."

"அப்பா, கொஞ்சம் சத்தமா!"

நாலு பேரும் மேசைமேல் குனிந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்தார்கள். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். முப்பத்தைந்து வருட அச்சகச் சத்தத்துக்கு இப்போதுதான் வட்டியோடு பழிவாங்குகிறவர் போல, அவசரமே இல்லாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்தார், நனைத்தார், தின்றார், வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்குத் தேதி வைக்கலாம்னு சொன்னேன்" என்றார்.

அதற்கு அப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். வந்தவர் டீயில் நனைத்த பிஸ்கட்டை ஐந்து நொடிக்குமேல் மறந்து, டம்ளருக்குள் தவறவிட்டார். மருமகள் ஆறு முட்டைகளை எடுத்துக்கொண்டு, புதுச் சல்லடையைக் கழுவப் போனாள்.